காசு கொடுத்தவர் யார்? உதுமானிய மருத்துவமனை ஆவணங்களைத் தேடிப் படிக்க ஒரு வழிகாட்டி

19-ஆம் நூற்றாண்டு இஸ்தான்புல்லின் மருத்துவமனை ஒன்றைப் பற்றி ஆராயப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் நோயாளியின் கோப்பைத் தேடித்தான் போகிறார்கள். பெயர், வயது, நோய், கொடுத்த மருந்து, பிழைத்தாரா இல்லையா என்று வரிசையாக எழுதிய ஒரு கட்டு எங்கோ தூசு படிந்து காத்திருக்கிறது என்பது அவர்களுடைய நம்பிக்கை. கையில் கிடைப்பதோ ரொட்டிக் கணக்கு, விறகுக் கணக்கு, சம்பளப் பாக்கி கேட்டு ஒரு மருத்துவர் எழுதிய மனு, கூரை ஒழுகுகிறது என்று ஒரு கடிதம். "இதில் மருத்துவம் எங்கே?" என்று அலுத்துப் போய் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

விட வேண்டியதில்லை. உதுமானிய (ஒட்டோமான் என்றும் எழுதுவார்கள்) அரசு எதை எழுதி வைத்தது என்று பார்த்தால், செலவானதை எழுதி வைத்தது. செலவின் வழியாக உள்ளே நுழைந்தால் நோயாளி தென்படுவார். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு வழியைத்தான் சொல்கிறது. காலம், 1827 முதல் 1918 வரை. 1827 மார்ச் 14 அன்று சுல்தான் இரண்டாம் மஹ்மூதின் ஆட்சியில் இஸ்தான்புல்லில் புதிய முறை மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. துருக்கியில் இன்றும் அந்த நாள்தான் மருத்துவ நாள். 1918, முதல் உலகப்போரில் பேரரசு தோற்ற ஆண்டு.

முதல் படி: யாருடைய பணம் என்று பாருங்கள்

எந்த மருத்துவமனையை எடுத்தாலும் முதல் கேள்வி, அதற்குக் காசு கொடுத்தவர் யார் என்பதுதான். பேரரசு இருந்தவரை சுகாதாரத்துக்கென்று தனி அமைச்சகம் இல்லை. அங்காராவில் அமைந்த புதிய அரசுதான் 1920-இல் அதை உருவாக்கியது. அதற்கு முன் ஒவ்வொரு மருத்துவமனையும் ஒவ்வொரு பையிலிருந்து வாழ்ந்தது. பணம் எங்கிருந்து போனதோ அங்கேதான் கணக்கும் திரும்பி வந்தது. ஆகவே பணத்தின் பாதைதான் ஆவணத்தின் பாதை.

இஸ்தான்புல்லின் குரெபா மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். சுல்தான் அப்துல்மெஜீதின் தாயார் பெஸ்மிஆலம் 1845-இல் ஏழை முஸ்லிம்களுக்காகத் திறந்தது அது. வக்ஃபு சொத்து. அதன் நிலம், கடை வாடகை, தோப்பு வருமானம் எல்லாம் மருத்துவமனைக்கு என்று எழுதிவைத்த சாசனம் உண்டு. எனவே அதன் கணக்குகளை வக்ஃபு நிர்வாகத்தின் பதிவேடுகளில் தேட வேண்டும். அவை இஸ்தான்புல்லின் உதுமானிய ஆவணக் காப்பகத்தில் தனித் தொகுப்பாக இருக்கின்றன. வக்ஃபு சாசனங்களுக்கு அங்காராவில் உள்ள வக்ஃபு தலைமை இயக்ககத்தின் காப்பகம்.

ஹமீதியே எத்ஃபால் குழந்தைகள் மருத்துவமனை வேறு கதை. சுல்தான் இரண்டாம் அப்துல்ஹமீதின் சிறு மகள் ஹதீஜே தொண்டை அடைப்பான் நோயில் இறந்தாள். அதன் பிறகு சுல்தான் தன் செலவில் ஷிஷ்லியில் கட்டித் திறந்தது இது, ஆண்டு 1899. அரண்மனைப் பணம் என்பதால் யில்திஸ் அரண்மனைக் காகிதங்களில் இதன் சுவடுகள் நிறைய. அதோடு இந்த மருத்துவமனை ஆண்டுதோறும் புள்ளிவிவர மலர் ஒன்றை அச்சிட்டது, படங்களோடு. புதியவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. அச்செழுத்து, கையெழுத்தல்ல, எண்கள் அட்டவணையாக இருக்கின்றன, எந்த நோய்க்கு எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்று நேராகப் படிக்கலாம். ஒரே எச்சரிக்கை: சுல்தானின் பெயர் தாங்கிய மருத்துவமனை தன்னைப் பற்றித் தானே எழுதிய மலர் அது.

ஹைதர்பாஷா போன்ற ராணுவ மருத்துவமனைகளுக்கும், 1898 இறுதியில் ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் ரீடரின் தலைமையில் திறந்த குல்ஹானே பயிற்சி மருத்துவமனைக்கும் ராணுவத் துறையின் காகிதங்கள் வேண்டும். அவற்றில் பெரும்பகுதி அங்காராவின் ராணுவ ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. முன்கூட்டியே அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டிய இடம் அது. முதல் ஆய்வுக்கு ராணுவ மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்பதே என் யோசனை.

சமூகங்களின் மருத்துவமனைகள் தனி உலகம். யெதிகுலேயின் அர்மீனிய சுர்ப் பிர்கிச், அதன் அருகிலேயே கிரேக்கர்களின் பாலிக்லி, பாலாத்தில் யூதர்களின் ஓர் அஹாயிம் ஆகிய மூன்றும் அந்தந்தச் சமூகத்தின் நன்கொடையில் நடந்தவை, இன்றும் நடக்கின்றன. அரசின் காப்பகத்தில் இவற்றைப் பற்றிக் கிடைப்பது கட்டட அனுமதி, வரிவிலக்கு, நன்கொடை லாட்டரிக்கு இசைவு போன்றவைதான். உள் வாழ்க்கை முழுவதும் அவரவர் மொழியில். சுர்ப் பிர்கிச் 1900 முதல் வெளியிட்ட அர்மீனிய மொழி ஆண்டு நாட்காட்டிகள் மருத்துவமனைக் கணக்கை மட்டுமல்ல, ஒரு சமூகத்தின் முழு வாழ்க்கையையும் சுமக்கின்றன.

மாகாணங்களில் நகராட்சியும் மாகாண நிர்வாகமும் ஏழைகளுக்கென நடத்தியவற்றுக்கு உள்துறையின் கடிதப் போக்குவரத்தைப் பார்க்க வேண்டும். துறைமுகங்களின் தனிமைப்படுத்தும் நிலையங்களுக்கு 1838-இல் தொடங்கிய சுகாதார மன்றத்தின் காகிதங்கள். அந்த மன்றத்தில் ஐரோப்பிய நாடுகளின் பிரதிநிதிகளும் உட்கார்ந்திருந்ததால் அங்கே பிரெஞ்சு மொழியும் புழங்கியது. உதுமானியத் துருக்கி தெரியாமல் பிரெஞ்சு மட்டும் தெரிந்தவருக்கு இதுவே வாசல்.

இரண்டாம் படி: அச்சானதை முதலில் தீர்த்துவிடுங்கள்

கையெழுத்துக் காகிதத்துக்கு ஓடுவதற்கு முன் அச்சில் இருப்பதைப் படித்து முடிப்பது நல்லது. மாகாண ஆண்டு மலர்கள், அவர்கள் சொல்லும் சால்நாமேக்கள், 1866 முதல் வெளிவந்தன. ஒரு மாகாணத்தில் எந்த ஊரில் மருத்துவமனை இருந்தது, மருத்துவர் யார், மருந்தாளுநர் யார், தடுப்பூசி போடுபவர் யார் என்று அதிகாரிகளின் பட்டியலிலேயே இருக்கும். பல ஆண்டு மலர்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு மருத்துவமனை எப்போது தோன்றியது, எந்த ஆண்டு மருத்துவர் இடம் காலியாகக் கிடந்தது என்பது தெரியும். இஸ்தான்புல்லின் அதாதுர்க் நூலகமும் இஸ்லாமிய ஆய்வு மையமான இசாமும் இவற்றை மின்வடிவில் வைத்திருக்கின்றன. ஆனால் ஒன்று: ஆள் பெயரை மாற்றாமல் முந்தைய ஆண்டுப் பட்டியலையே மறுபடி அச்சிடும் சோம்பல் அன்றைய எழுத்தர்களுக்கும் இருந்தது. மலரில் பெயர் இருப்பதால் மருத்துவர் ஊரில் இருந்தார் என்று பொருளல்ல.

சட்டங்களையும் ஒருமுறை புரட்டிவிடுங்கள். 1861-இல் மருத்துவத் தொழிலை நெறிப்படுத்தும் விதிகள் வந்தன. 1871-இன் விதிமுறை ஊர்களுக்கு அரசு மருத்துவர்களை நியமிக்கச் சொன்னது. அவர்கள் ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்க்க வேண்டும் என்றது. 1876-இல் மனநோயாளிகள் காப்பகங்களுக்கு விதிகள். 1885-இல் பெரியம்மைத் தடுப்பூசிக்கு விதிகள். விதியைப் படித்துவிட்டுக் காப்பகத்துக்குப் போனால் ஒரு மனுவில் மருத்துவர் எந்த உரிமையைக் கேட்டு வாதாடுகிறார் என்பது உடனே புரியும். விதி சொன்னதெல்லாம் நடந்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நடக்காததால்தான் அத்தனை மனுக்கள்.

மருத்துவ இதழ்களில், இஸ்தான்புல் மருத்துவச் சங்கம் 1857 முதல் வெளியிட்ட பிரெஞ்சு இதழ் முக்கியமானது. சங்கக் கூட்டங்களில் மருத்துவர்கள் விவரித்த தனித்தனி நோயாளிகளின் விவரம் அதில் வரும். நீங்கள் தேடிப் போன நோயாளிக் கோப்புக்கு ஓரளவு பக்கத்தில் வருவது இதுதான்.

மூன்றாம் படி: தேதியைச் சரிசெய்யாமல் ஓர் அடியும் நகராதீர்கள்

புதியவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இது. அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஒரே காகிதத்தில் இரண்டு தேதிகள் இருக்கலாம். ஒன்று ஹிஜ்ரி, நிலவின் ஆண்டு. மற்றது ரூமி எனப்படும் நிதியாண்டு. இது 1840 மார்ச் முதல் அரசுக் கணக்குகளில் பரவலாயிற்று. சம்பளம், வரி, கொள்முதல் எல்லாம் இதில்தான். ரூமி ஆண்டு மார்ச் 1-இல் பிறந்து பிப்ரவரியில் முடியும். பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றுவதால் நம் நாட்காட்டிக்கு 19-ஆம் நூற்றாண்டில் 12 நாள் பின்தங்கியிருக்கும். 1900 மார்ச் முதல் 13 நாள்.

ரூமி ஆண்டோடு 584-ஐக் கூட்டினால் நம் ஆண்டு வரும். இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துவிட்டுப் பலர் திருப்தியாகிவிடுகிறார்கள். இப்போது ஒரு தேதியைப் பாருங்கள்: ரூமி 28 பிப்ரவரி 1309. கூட்டினால் 1893. தவறு. ஜனவரியும் பிப்ரவரியும் ரூமி ஆண்டின் வால் பகுதி. நம் கணக்கில் அவை அடுத்த ஆண்டுக்குள் போய்விடும். ஆக 1894 பிப்ரவரி 28, ஜூலியன். 12 நாளைக் கூட்டினால் 1894 மார்ச் 12. அதே நாள் ஹிஜ்ரியில் 5 ரமலான் 1311. ஒரே நாளுக்கு 1309, 1311, 1894 என்று மூன்று ஆண்டுகள்! இஸ்தான்புல்லில் 1893–94-இல் காலரா பரவியிருந்தது. இந்தக் காகிதத்துக்கு ஓர் ஆண்டு முந்திய தேதியைப் போட்டுவிட்டால், நோய் வருவதற்கு முன்பே மருத்துவமனை நோயாளிகளால் நிரம்பி வழிந்ததாக எழுத நேரும்.

கடைசி ஆண்டுகளில் இன்னொரு குழி இருக்கிறது. ரூமி 1332 பிப்ரவரி 15-க்கு மறுநாளை 1333 மார்ச் 1 என்று அறிவித்து 13 நாள் வேறுபாட்டை ஒழித்தார்கள், அது 1917. பிறகு ஆண்டுப் பிறப்பையும் ஜனவரிக்கு மாற்றியதால் 1333 பத்தே மாதத்தில் முடிந்துபோனது. போர்க்கால மருத்துவமனைக் கணக்கு எடுப்பவர்கள் இதை மேசைக்கு எதிரே ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

ஹிஜ்ரி மாதங்களை முழுப் பெயரில் எழுத மாட்டார்கள். ஓரிரு அரபு எழுத்துதான். முஹர்ரத்துக்கு மீம், ஸஃபருக்கு ஸாத் என்று முதலெழுத்தில் தொடங்குவார்கள். ரஜபுக்கு பே, ரமலானுக்கு நூன், ஷவ்வாலுக்கு லாம் என்று கடைசி எழுத்துக்கு மாறிவிடுவார்கள். காப்பகத்தின் பட்டியலிலும் இதே சுருக்கங்களை லத்தீன் எழுத்தில் காண்பீர்கள். மணியும் நம் மணியல்ல. சூரியன் மறையும்போது பன்னிரண்டு; அங்கிருந்து எண்ண வேண்டும். காயம்பட்டவரை இரவு மூன்று மணிக்குக் கொண்டுவந்தார்கள் என்று இருந்தால் அது மாலை இருட்டி மூன்று மணி நேரம் ஆனபோது.

நான்காம் படி: பட்டியலில் தேடுவது

உதுமானிய ஆவணக் காப்பகம் இஸ்தான்புல்லின் காத்ஹானே பகுதியில் இருக்கிறது. பட்டியலை இணையத்திலேயே தேடலாம். வெளிநாட்டவரும் பதிவு செய்துகொள்ளலாம். பல ஆவணங்களின் படங்களைக் கட்டணம் செலுத்திப் பெறலாம். கட்டணமும் விதிகளும் அவ்வப்போது மாறுவதால் புறப்படும் முன் அவர்களுடைய தளத்தில் பார்த்துவிடுங்கள்.

நீங்கள் தேடுவது ஆவணத்தின் வாசகத்தை அல்ல, காப்பகப் பணியாளர் இன்றைய துருக்கியில் எழுதிய இரண்டு வரிச் சுருக்கத்தை. சுருக்கம் எழுதியவர் எந்தச் சொல்லைப் போட்டாரோ அது கிடைத்தால்தான் ஆவணம் கிடைக்கும். எனவே ஒரே பொருளைப் பல சொற்களில் கேளுங்கள். மருத்துவமனைக்கு ஹஸ்தானே, பழைய வடிவில் ஹஸ்தஹானே. ஏழைகள் மருத்துவமனைக்கு குரெபா. மனநோய்க் காப்பகத்துக்கு பிமார்ஹானே. தொற்றுநீக்கும் நிலையத்துக்கு தெப்ஹிர்ஹானே. கப்பல் பயணிகளை நிறுத்திவைக்கும் இடத்துக்கு தஹஃபுஸ்ஹானே, கரந்தினா. ஆட்களில் தபிப், ஜெர்ராஹ், எஜ்ஸாஜி, எபே (மருத்துவர், அறுவை வைத்தியர், மருந்தாளுநர், மருத்துவச்சி). தட்டச்சு செய்யும்போது துருக்கியின் லத்தீன் எழுத்துகளில், புள்ளி உள்ள இ-யையும் புள்ளி இல்லாததையும் கவனித்து அடிக்க வேண்டும். ஊருக்கும் அன்றைய பெயர்: தெசலோனிகி அல்ல, செலானிக், எருசலேம் அல்ல, குத்ஸ்.

தொகுப்புகளில் ஜெவ்தெத் தொகுப்பின் சுகாதாரப் பிரிவு பழைய காலத்துக்கு நல்லது. உள்துறை எழுத்தகத்தின் தொகுப்பு மாகாண மருத்துவமனைகளுக்கு. யில்திஸ் தொகுப்பு அப்துல்ஹமீத் காலத்துக்கு. உள்துறை எழுத்தகத்தின் தாள்கள் பெரும்பாலும் வரைவுகள். அடித்தும் திருத்தியும் இருக்கும். அடித்ததைத் தாண்டிப் போகாதீர்கள். "உடனே அனுப்புக" என்பதை அடித்துவிட்டு "நிதி அனுமதித்தால் அனுப்புக" என்று மாற்றியிருந்தால், ஒரு மாகாணம் மருந்தில்லாமல் தவித்த காரணம் அந்த ஒரு கோட்டில் இருக்கும்.

மருத்துவமனையின் பெயரில் எதுவும் சிக்கவில்லையா? மருத்துவரின் பெயரில் தேடுங்கள். மருத்துவமனை பேசாது, சம்பளம் வராத மருத்துவர் ஓயாமல் பேசுவார். 1879 முதல் அரசு அலுவலர்களின் பணி வரலாற்றுப் பதிவேடுகள் உண்டு. பிறந்த ஊர், தந்தை பெயர், படித்த பள்ளி, தெரிந்த மொழிகள், ஒவ்வொரு பதவியின் சம்பளம், பெற்ற தண்டனை வரை அதில் இருக்கும். சிவில் பணியில் இருந்த மருத்துவர்கள் பலரை அங்கே பிடித்துவிடலாம்.

தேடியது இல்லை என்றால் அது எழுதப்படவே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். 1931-இல் நிதித் துறையின் பழைய காகிதங்களை மூட்டை மூட்டையாகப் பழைய தாள் விலைக்கு பல்கேரியாவுக்கு விற்றார்கள். வண்டியிலிருந்து தெருவில் சிந்திய தாள்களைப் பார்த்து ஆசிரியர் முஅல்லிம் ஜெவ்தெத் போன்றவர்கள் கூச்சலிட்ட பிறகே விஷயம் பெரிதானது. அந்தக் காகிதங்களில் பெரும்பகுதி இன்று சோஃபியாவின் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

ஐந்தாம் படி: எழுத்தோடு பழகுவது

மொழி உதுமானியத் துருக்கி. எழுத்து அரபு எழுத்து. வேலூர், ஆம்பூர்ப் பக்கம் உருது படித்தவர்களுக்கும், வீட்டில் அரபுத் தமிழ் படித்தவர்களுக்கும் இது பாதி தெரிந்த வீடு. பே, சே, ஷே, காஃப் என்று பாரசீகம் சேர்த்த எழுத்துகள் உருதுவில் உள்ளவையே. ஆனால் அலுவலகக் காகிதங்கள் ரிகா என்ற வேகக் கையெழுத்தில் இருக்கும். இரண்டு புள்ளி ஒரு சிறு கோடாகிவிடும். மூன்று புள்ளி ஒரு கொக்கியாகிவிடும். பல இடங்களில் புள்ளியே இருக்காது. எண்களில் ஐந்து ஒரு சிறு வட்டம், சுழியம் வெறும் புள்ளி. நாம் பழகிய கண்ணுக்கு ஐந்து சுழியமாகத் தெரியும்; கணக்குப் புத்தகத்தில் இது சின்னத் தவறல்ல. இரண்டும் மூன்றும் அவசரக் கையில் ஒன்றுபோல இருக்கும். கூட்டுத்தொகையைப் போட்டுப் பார்த்தே எது எது என்று முடிவு செய்யுங்கள்.

அகராதிக்கு ரெட்ஹவுஸின் 1890-ஆம் ஆண்டு துருக்கி–ஆங்கில அகராதி போதும். மருத்துவச் சொற்களுக்கு உதுமானிய மருத்துவச் சங்கம் 1873-இல் வெளியிட்ட மருத்துவ அகராதி இருக்கிறது.

ஆறாம் படி: ரொட்டிக் கணக்கிலிருந்து ஆள் கணக்கு

இப்போது அந்த அலுப்பூட்டும் கணக்குத் தாளுக்கு வருவோம். மாதக் கணக்கில் ரொட்டி, அரிசி, ஆட்டிறைச்சி, நெய், சர்க்கரை, சோப்பு, மெழுகுவர்த்தி, கரி என்று வரிசையாக இருக்கும். எடை ஒக்காவில், ஓர் ஒக்கா 400 திர்ஹம், நம் அளவில் சுமார் 1.28 கிலோ. காசு குருஷில்; 40 பாரா ஒரு குருஷ், 100 குருஷ் ஒரு லீரா.

மாதிரிக்கு ஒரு கணக்கு: ஒரு நாளைக்கு 40 ஒக்கா ரொட்டி வாங்கியிருக்கிறார்கள். அது 16,000 திர்ஹம். உணவு விதியில் ஆளுக்கு 100 திர்ஹம் என்று இருந்தால், 160 வாய்கள். இதில் சமையல்காரர், காவலாளி, துணி துவைப்பவர், உதவியாளர் எல்லாம் அடக்கம். சம்பளப் பட்டியலில் 30 பேர் இருந்தால் நோயாளிகள் சுமார் 130. அறிக்கையில் 200 நோயாளிகள் என்று எழுதியிருந்தால்? ஒன்று, கஞ்சி மட்டும் குடித்தவர்கள் பலர். அல்லது யாரோ எண்ணிக்கையை ஏற்றிச் சொல்கிறார்கள். எது என்று அரிசிக் கணக்கைப் பார்த்தால் தெரியும். சோப்பும் கரியும் மாதாமாதம் எப்படி ஏறி இறங்குகின்றன என்று கவனித்தால் தொற்றுக் காலம் எது என்பதும் தெரிந்துவிடும்.

நோயாளிப் பதிவேடு கிடைக்கும் நல்ல நாளும் வரும். பெயர், தந்தை பெயர், ஊர், தொழில், சமயம், நோய், உள்ளே வந்த நாள், வெளியே போன நாள் அல்லது இறந்த நாள் என்பவைதான் பெரும்பாலும் அதன் பத்திகள். குடும்பப் பெயர் இருக்காது. துருக்கியில் அதற்கான சட்டம் 1934-இல்தான் வந்தது. "சிவாஸ் ஊரான், மெஹ்மதின் மகன் அலி, சுமைகூலி" என்பதுபோல இருக்கும். தந்தை பெயரின் முதலெழுத்தோடு வாழும் நமக்கு இது விளங்குவது எளிது. ஆனால் சிவாஸிலிருந்து வந்த மெஹ்மத் மகன் அலி ஒரே ஆண்டில் பலர் இருப்பார்கள். தொழிலும் கிராமமும் ஒத்துப்போனால் மட்டும் ஒரே ஆள் என்று கொள்ளுங்கள்.

யார் உள்ளே வந்தார்கள் என்பதையும் யோசியுங்கள். வீடும் உறவும் உள்ளவர்கள் வீட்டிலேயே வைத்தியம் பார்த்துக்கொண்டார்கள். மருத்துவமனைக்கு வந்தவர் பெரும்பாலும் படைவீரர், ஊர்விட்டு வந்த கூலி, மாணவர், கைதி, யாருமற்றவர். அதனால் பதிவேட்டில் இளம் ஆண்களே மிகுதி. இதை வைத்து "இஸ்தான்புல்லில் ஆண்களுக்கே காசநோய் அதிகம்" என்று எழுதினால் சிரிப்பார்கள். பெண்களைத் தேடுகிறவர்கள் பெண்களுக்கான ஹாசெகி மருத்துவமனைக் காகிதங்களுக்கும், நீதிமன்றப் பதிவேடுகளுக்கும், மருத்துவச்சிகள் மீதான புகார்களுக்கும் போக வேண்டும்.

ஏழாம் படி: நோயின் பெயரை நம்பி மோசம் போகாதீர்கள்

காலரா, பெரியம்மை (சிச்செக்), மலேரியா (சித்மா), காசநோய் (வெரெம்), பால்வினை நோயான ஃப்ரெங்கி ஆகிய சொற்கள் பெரும்பாலும் நேரானவை. "ஹும்மா" என்றால் வெறும் காய்ச்சல். அதன்கீழ் எதுவும் இருக்கலாம். தைஃபாய்டுக்கு திஃபோ; பேன் பரப்பும் டைஃபஸ் காய்ச்சலுக்கு லெகெலி ஹும்மா. இந்த இரண்டையும் மருத்துவர்களே நீண்ட காலம் குழப்பிக்கொண்டார்கள். நுண்ணுயிர் ஆய்வுக்கூடம் வருவதற்கு முந்திய நோய்ப்பெயரை இன்றைய நோயோடு ஒட்ட வைக்காமல், அன்றைய பெயரிலேயே குறித்துக்கொள்ளுங்கள். இஸ்தான்புல்லில் அந்த ஆய்வுக்கூடம் 1893-இல், காலராவின் நடுவே, பாஸ்டர் நிலையத்திலிருந்து வந்த மோரிஸ் நிக்கோலின் கையில் அமைந்தது.

வெறிநாய்க்கடி ஆவணங்கள் மட்டும் தனி ருசி. 1886-இல் ஸோயெரோஸ் பாஷா தலைமையில் மூவரை சுல்தான் பாரிஸுக்கு, லூயி பாஸ்டரிடம் அனுப்பினார். கூடவே பத்தாயிரம் ஃப்ராங்க் நன்கொடையும் பதக்கமும். 1887-இல் இஸ்தான்புல்லில் நாய்க்கடி சிகிச்சை நிலையம் திறந்தது. அதன் பிறகு மாகாணங்களில் கடிபட்டவர்களை இஸ்தான்புல்லுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். கப்பல் கட்டணம் யார் தருவது, கூட வரும் காவலருக்குப் படி யார் தருவது என்ற கடிதச் சண்டையில் கடிபட்டவரின் பெயர், வயது, ஊர், எந்த நாளில் கடித்தது என்பதெல்லாம் வந்துவிடும். நோயாளிக் கோப்பு தராத விவரத்தை ஒரு பயணச் செலவுத் தகராறு தருகிறது.

எட்டாம் படி: அரசுக்கு வெளியே

அமெரிக்க மிஷன் மருத்துவமனைகளின் ஆண்டறிக்கைகள் ஆங்கிலத்தில் இருப்பதால் நம்மவருக்கு எளிது. ஆயிந்தாபில் (இன்றைய காஸியாந்தெப்) 1882 முதல் பணியாற்றி 1915 டிசம்பரில் டைஃபஸ் காய்ச்சலில் இறந்த ஃப்ரெட் ஷெப்பர்டு போன்றவர்களின் கடிதங்களும் அறிக்கைகளும் கிடைக்கும். மிஷனின் காகிதங்கள் ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் உள்ளன. ஒரு பகுதியை இஸ்தான்புல்லின் சால்ட் ஆய்வு மையம் இணையத்தில் வைத்திருக்கிறது. நன்கொடையாளரை மகிழ்விக்க எழுதியவை என்பதை மறக்காதீர்கள். அங்கே அறுவை சிகிச்சைகள் வெற்றியடைந்துகொண்டே இருக்கும்.

இந்தியாவோடு உள்ள இழை இரண்டு இடங்களில் தெளிவாகத் தெரிகிறது. ஒன்று ஹஜ். 1865-இல் மக்காவிலிருந்து காலரா உலகெங்கும் பரவியதும், 1866-இல் இஸ்தான்புல்லில் சர்வதேச சுகாதார மாநாடு கூடியது. பிறகு செங்கடலின் கமரான் தீவில் உதுமானிய அரசு தனிமைப்படுத்தும் நிலையம் அமைத்தது. இந்தியாவிலிருந்து கப்பலேறிய பயணிகள் அங்கே இறங்கித்தான் ஜித்தாவுக்குப் போக முடிந்தது. அதைப் பற்றிய பிரிட்டிஷ் இந்திய அரசின் கோப்புகள் லண்டனின் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. 1882 முதல் ஜித்தாவில் துணைத் தூதராக இருந்த இந்திய மருத்துவர் அப்துர் ரஸாக்கின் ஹஜ் அறிக்கைகள் அதில் முக்கியமானவை. 1895-இல் மக்காவில் தொற்றுநீக்கும் இயந்திரத்தையும் மருத்துவமனையையும் கூட்டம் தாக்கியது. அதே ஆண்டு அவரும் ஜித்தாவுக்கு வெளியே கொல்லப்பட்டார். உதுமானியக் காகிதத்தையும் பிரிட்டிஷ் காகிதத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், ஒரே கட்டணத்தை ஒருவர் சுகாதாரச் செலவு என்பதும் மற்றவர் கொள்ளை என்பதும் வேடிக்கையாக இருக்கும்.

இன்னொன்று 1912. பால்கன் போரில் காயம்பட்டோருக்கு உதவ டாக்டர் முக்தார் அஹ்மத் அன்சாரி தலைமையில் ஒரு மருத்துவக் குழு டிசம்பரில் பம்பாயிலிருந்து இஸ்தான்புல் சென்றது. அன்சாரி சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அந்தக் குழுவின் சுவட்டைத் தேடுகிறவர்கள் உதுமானிய செம்பிறைச் சங்கத்தின் காகிதங்களையும் பார்க்க வேண்டும். 1868-இல் தொடங்கி 1877-இல் செம்பிறை என்ற பெயர் பெற்ற அமைப்பு அது, காப்பகம் அங்காராவில்.

ஒன்பதாம் படி: படங்கள்

அப்துல்ஹமீது தன் பேரரசின் படங்களை 51 தொகுப்புகளாக அமெரிக்க காங்கிரஸ் நூலகத்துக்கு அனுப்பினார். இன்று அவை இணையத்தில் இலவசம். மருத்துவமனைகளும் மருத்துவப் பள்ளி மாணவர்களும் அதில் உண்டு. விரிப்பு சுருங்காத கட்டில்களைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஆனால் சன்னல் எத்தனை, அடுப்பு எங்கே, கட்டிலுக்கும் கட்டிலுக்கும் எவ்வளவு இடைவெளி என்பதை எழுத்து ஆவணத்தோடு ஒப்பிட இவை உதவும்.

பத்தாம் படி: குறிப்பெடுக்கும் ஒழுங்கு

தொகுப்பின் சுருக்கப் பெயர், கோப்பு எண், உறை எண் ஆகிய மூன்றும் இல்லாமல் எந்த வரியையும் குறித்துக்கொள்ளாதீர்கள். பிறகு அதை மறுபடி கண்டுபிடிக்கவே முடியாது. தேதியை ஆவணத்தில் உள்ளபடி ஒரு முறையும், மாற்றியதை அடைப்புக்குறியில் ஒரு முறையும் எழுதுங்கள். பட்டியலின் சுருக்கத்தை ஆவணமாக மேற்கோள் காட்டாதீர்கள். அது வேறொருவரின் வாசிப்பு. முதல் ஆய்வுக்கு ஒரு மருத்துவமனை, ஓர் ஆண்டு போதும். குரெபாவின் ஓர் ஆண்டுக் கணக்கையோ எத்ஃபாலின் ஓர் ஆண்டு மலரையோ எடுத்துக்கொண்டு, அதே ஆண்டின் சால்நாமேயையும் மருத்துவர்களின் பணிப் பதிவேடுகளையும் அருகில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ரிகா கையெழுத்து கண்ணுக்குப் பழகிய பிறகு மாகாணங்களுக்குப் போகலாம்.